பெருங்குடற் புற்றுநோயும் கிருமிகளும்: தோட்டத்து மக்கள் அறிந்திருக்க வேண்டியவை

மலத்தோடு இரத்தம் போனால் அது மூலம்தான் என்பது எமது தோட்டங்களில் பலரும் உடனே சொல்லிவிடும் தீர்ப்பு. உடம்பில் சூடு கூடிவிட்டது, மிளகாய்க் காரம் அதிகம், நாள் முழுவதும் மலையில் நின்று வேலை செய்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணங்களும் கைவசம் இருக்கும். வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பதும் மோர் குடிப்பதும் நடக்கும். சில நாட்களில் இரத்தம் தானாகவே நின்றுவிடும். நின்றவுடன் விடயமும் மறக்கப்பட்டுவிடும். மறைவான இடத்து நோய் என்பதால் பெண்கள் வீட்டிலேயே சொல்வதில்லை. ஆண்கள் சொன்னாலும் வேடிக்கையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

இவர்களில் அதிகமானோருக்கு இருப்பது உண்மையில் மூலமாகவே இருக்கலாம். ஆனால் சிலருக்கு அது மூலம் அல்ல. பெருங்குடலின் உட்சுவரில் மெதுவாக வளர்ந்து வரும் கட்டி ஒன்றிலிருந்து அந்த இரத்தம் கசிகிறது. மாத்தளை வைத்தியசாலைக்கு வந்து, அங்கிருந்து கண்டி வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்று வைத்தியர் கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்கும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு.

பெருங்குடலிலும் நேர்குடலிலும் ஏற்படும் இப்புற்றுநோய் பற்றி உலகின் பல ஆய்வுகூடங்களில் அண்மைக் காலத்தில் வியப்பூட்டும் உண்மைகள் வெளிவந்துள்ளன. இந்நோய்க்கும் எமது வாயிலும் குடலிலும் வாழும் சில கிருமிகளுக்கும் தொடர்பு உண்டு என்பதே அச்செய்தி. இந்த ஆய்வுகள் எவ்வாறு தொடங்கின, இன்று எங்கே நிற்கின்றன, ரத்தோட்டையிலும் உக்குவளையிலும் எல்கடுவையிலும் வாழும் ஒரு குடும்பத்துக்கு இதனால் என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நோயின் பரிமாணம்

உலகில் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் இது மூன்றாம் இடத்தில் உள்ளது. 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 9 இலட்சம் பேர் இதனால் இறந்தனர். செல்வந்த நாடுகளின் நோய் என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட இது, இன்று எமது நாட்டிலும் ஆண், பெண் இருபாலாரிடமும் முன்னணியில் நிற்கும் புற்றுநோய்களில் ஒன்றாகிவிட்டது.

இந்நோயில் ஓர் ஆறுதலான விடயமும் உண்டு. பெரும்பாலும் இது திடீரென்று தோன்றுவதில்லை. முதலில் குடலின் உட்சுவரில் சிறு சதைவளர்ச்சி ஒன்று தோன்றுகிறது. அதனை வைத்தியர்கள் 'பொலிப்' என்பார்கள். அது புற்றாக மாறுவதற்குச் சாதாரணமாகப் பத்து ஆண்டுகள் வரையும் செல்லலாம். மலவாசல் வழியாகக் கமெரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனையின்போது இச்சதைவளர்ச்சியைக் கண்டால் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். புற்று குடலுக்குள் மட்டும் இருக்கும் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் உயிருடன் இருக்கிறார்கள் என்று அமெரிக்கப் புள்ளிவிபரங்கள் கூறுகின்றன. ஈரல், நுரையீரல் என்று பரவிய பின்னர் கண்டுபிடிக்கப்பட்டால், ஐந்து ஆண்டுகள் வாழ்பவர்கள் ஏழு பேரில் ஒருவர் அளவிலேயே இருக்கின்றனர். வாழ்வா சாவா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது நேரத்தோடு வருவதுதான்.

இருதயத்தில் கிடைத்த முதல் தடயம்

கிருமிக்கும் இப்புற்றுநோய்க்கும் உள்ள உறவின் முதல் தடயம் கிடைத்தது குடலில் அல்ல, இருதயத்தில். 1951ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மக்கோய், மேசன் என்ற இரு வைத்தியர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருடைய இருதய வால்வில் கிருமித் தொற்று இருந்தது. அதே நேரம் பெருங்குடலின் கடைப்பகுதியில் புற்றுநோயும் இருந்தது. இரண்டும் தற்செயலாக ஒருவருக்கே வந்தனவா, அல்லது ஒன்றுக்கொன்று தொடர்புடையனவா என்ற கேள்வி எழுந்தது.

அக்கேள்விக்குத் தெளிவான பதில் வர ஒரு கால் நூற்றாண்டு சென்றது. 1977இல் க்ளைன் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஓர் எளிய ஆய்வைச் செய்தார்கள். பெருங்குடற் புற்றுநோயாளரின் மலத்திலும் அந்நோய் இல்லாதவர்களின் மலத்திலும் 'ஸ்ட்ரெப்டோகொக்கஸ் போவிஸ்' என்ற கிருமி உள்ளதா என்று தேடினார்கள். நோயற்றவர்கள் 105 பேரில் 11 பேரிடம் மட்டுமே அது காணப்பட்டது. புற்றுநோயாளர் 63 பேரிலோ 35 பேரிடம் இருந்தது. பத்தில் ஒருவர் எங்கே, இருவரில் ஒருவருக்கும் மேல் எங்கே! வெறும் தற்செயல் என்று இதனை ஒதுக்க முடியவில்லை.

புற்றினால் குடற்சுவரில் ஏற்படும் புண் வழியாக இக்கிருமி இரத்தத்தில் நுழைந்து இருதயம் வரை செல்கிறது என்பது ஒரு விளக்கம். இதன் ஒருவகை, புற்றின் வளர்ச்சிக்கும் துணைபோகிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. காரணம் எதுவாயினும் இதனால் உலக மருத்துவத்தில் ஒரு நல்ல வழக்கம் நிலைத்துவிட்டது. ஒருவருடைய இரத்தத்தில் இக்கிருமி காணப்பட்டால், வயிற்றில் எந்த முறைப்பாடும் இல்லாவிட்டாலும், பெருங்குடலையும் பரிசோதிக்க வைத்தியர்கள் ஏற்பாடு செய்கிறார்கள். காய்ச்சலுக்காகவோ இருதய நோய்க்காகவோ படுத்திருப்பவரிடம் "குடலைப் பார்க்க வேண்டும்" என்று சொன்னால் நோயாளியும் உறவினரும் குழம்பிப்போவது இயல்பு. அப்படிச் சொல்வதற்குப் பின்னால் எழுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது. அப்பரிசோதனையை மறுக்காதீர்கள்.

வாயில் வாழும் கிருமி குடலில்

அடுத்த பெரிய திருப்பம் 2011இல் வந்தது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள டானா பார்பர் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த வைத்தியர் மத்தியூ மையர்சனின் குழுவும், கனடாவின் வன்கூவர் நகரில் ரொபர்ட் ஹோல்ட் என்ற விஞ்ஞானியின் குழுவும், தனித்தனியாக ஒரே காலத்தில் ஒரே முடிவுக்கு வந்தன. சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட பெருங்குடற் கட்டிகளின் இழையத்தை எடுத்து, அதில் எந்தெந்தக் கிருமிகளின் மரபுப்பொருள் உள்ளது என்று பார்த்தார்கள். அருகிலிருந்த நல்ல குடற்சுவரை விடக் கட்டியினுள் 'பியூசோபற்றீரியம் நியூக்கிளியேற்றம்' என்ற கிருமி மிக அதிகமாக இருந்தது.

இக்கிருமியின் சொந்த இடம் குடல் அல்ல, வாய். பல்லில் படியும் அழுக்கிலும் முரசு வீக்கத்திலும் இதனைக் காணலாம். வாயில் வாழ வேண்டிய கிருமிக்குப் பெருங்குடலில் என்ன வேலை? ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வாயிலும் கட்டியிலும் இக்கிருமி இருந்த எட்டு நோயாளரில் ஆறு பேரிடம் இரு இடங்களிலும் இருந்தது ஒரே வம்சத்துக் கிருமி என்று கண்டார்கள். வாயிலிருந்தே அது கீழே இறங்கியிருக்க வேண்டும் என்பது இதனால் வலுவடைந்தது.

கட்டியை அடைந்த பின் அது அங்கு சும்மா இருப்பதில்லை. புற்றுக் கலங்களின் மேற்பரப்பில் உள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொண்டு அங்கேயே குடியேறுகிறது. கலங்கள் வேகமாகப் பெருகுவதைத் தூண்டுகிறது. புற்றை அழிக்க வரும் நோயெதிர்ப்புக் கலங்களின் கையைக் கட்டிவிடுகிறது. சில புற்றுநோய் மருந்துகளுக்குக் கட்டி எளிதில் பணியாதிருக்கவும் இது உதவுகிறது என்று 2017இல் வெளிவந்த சீன, அமெரிக்க ஆய்வொன்று தெரிவித்தது. வேலிக்குள் புகுந்த களை, பயிருக்குப் போட்ட உரத்தைத் தின்பதோடு மண்வெட்டியையும் மழுங்கச் செய்வது போன்றது இது.

அதே 2017இல் மையர்சனின் குழுவில் இருந்த சூசன் புல்மன் என்ற ஆய்வாளர் இன்னொரு முக்கிய உண்மையை வெளியிட்டார். பெருங்குடலில் இருந்து புற்று ஈரலுக்குப் பரவும்போது இக்கிருமியும் கூடவே பயணம் செய்கிறது. கிருமி உள்ள மனிதக் கட்டியை எலிகளில் வளர்த்து, அவற்றுக்கு 'மெட்ரோனிடசோல்' என்ற கிருமிகொல்லி மருந்தைக் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது. பின்னர் சியாட்டில் நகரின் பிரெட் ஹச் புற்றுநோய் நிலையத்துக்குச் சென்ற புல்மனும் அவருடைய சகாவான கிறிஸ்தோபர் ஜோன்ஸ்டனும் 2024இல் விடயத்தை இன்னும் நுணுக்கமாக்கினார்கள். இக்கிருமியின் எல்லா வகைகளும் ஒன்றல்ல. இரைப்பையின் அமிலத்தைத் தாங்கி உயிர்வாழக்கூடிய ஒரு குறிப்பிட்ட வகையே கட்டிகளில் குடிகொள்கிறது. அவர்கள் பரிசோதித்த சுமார் 200 கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் அந்த வகை காணப்பட்டது.

இளையோருக்கும் வரும் ஆபத்து

பெருங்குடற் புற்றுநோய் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் நோய் என்பதே பொதுவான எண்ணம். ஆனால் பல நாடுகளில் நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களிடமும் இது கூடி வருகிறது. இதிலும் ஒரு கிருமியின் கை இருக்கலாம் என்று 2025இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று சொல்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லுட்மில் அலெக்சாண்ட்ரொவ் தலைமையில் 11 நாடுகளைச் சேர்ந்த 981 நோயாளரின் கட்டிகள் ஆராயப்பட்டன.

எமது குடலில் இயல்பாகவே வாழும் ஈ-கோலை கிருமியின் சில வகைகள் 'கொலிபக்டின்' என்ற நச்சுப்பொருளைச் சுரக்கின்றன. அந்த நச்சு கலத்தின் மரபுப்பொருளில் தனக்கே உரிய ஒரு தழும்பை விட்டுச்செல்லும். நாற்பது வயதுக்கு முன் நோயுற்றவர்களிடம் இத்தழும்பு, எழுபது வயதுக்குப் பின் நோயுற்றவர்களை விட மூன்று மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டது. அந்தச் சேதம் சிறுவயதிலேயே ஏற்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளரின் கருத்து. குழந்தைப் பருவத்து உணவும் குடலின் நலமும் பிற்காலத்து நோயோடு எவ்வளவு தொடர்புடையன என்பதை இது சிந்திக்க வைக்கிறது.

அப்படியானால் புற்றுநோய் தொற்றுமா?

கிருமி, தொற்று என்று படித்தவுடன் சிலருக்கு ஒரு பயம் எழலாம். வீட்டில் புற்றுநோயாளர் இருந்தால் தட்டையும் கோப்பையையும் வேறாக வைப்பது, பேரப்பிள்ளைகளை அருகில் விடாதிருப்பது, ஒரே லயத்து அறையில் அவருக்கென்று திரை கட்டி ஒதுக்குவது போன்ற வழக்கங்கள் ஏற்கனவே எம்மிடம் உண்டு. இந்த ஆய்வுகளை அரைகுறையாகக் கேட்டவர்கள் அவ்வழக்கத்தை இன்னும் இறுக்கமாக்கிவிடக் கூடாது.

ஆகவே தெளிவாகச் சொல்வோம்: பெருங்குடற் புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. கூட உண்பதாலோ, தொடுவதாலோ, ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதாலோ அது வராது. மேலே சொன்ன கிருமிகள் நலமுள்ள கோடிக்கணக்கான மனிதரின் வாயிலும் குடலிலும் ஏற்கனவே இருப்பவை. அவை இருக்கும் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. வயது, பரம்பரை, புகைத்தல், மதுபானம், உடற்பருமன், நார்ச்சத்துக் குறைந்த உணவு என்று பல காரணங்கள் சேரும் இடத்தில் கிருமியும் ஒரு கூட்டாளி. அவ்வளவே.

கிருமித் தொற்றுக்கும் புற்றுநோய்க்கும் உறவு என்பது மருத்துவத்துக்குப் புதிதும் அல்ல. இரைப்பையில் வாழும் 'ஹெலிக்கோபக்டர் பைலோரி' கிருமி இரைப்பைப் புற்றுக்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994இல் அறிவித்தது. அக்கிருமியைக் கண்டுபிடித்த அவுஸ்திரேலியர்களான பரி மார்ஷல், ரொபின் வொரன் இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் காரணமான வைரசுக்கு எதிராக 2017 முதல் எமது நாட்டுப் பாடசாலைகளில் சிறுமியருக்குத் தடுப்பூசி ஏற்றப்படுகிறது. கிருமி ஒன்று சம்பந்தப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் தடுப்பதற்கும் வழி பிறக்கலாம். ஆகவே இச்செய்தி பயப்படுவதற்கு உரியதல்ல. நம்பிக்கை கொள்வதற்கு உரியது.

கடையில் மருந்து வாங்கிக் குடிக்கலாமா?

இன்னொரு தவறான முடிவுக்கும் நாம் போகக் கூடாது. மெட்ரோனிடசோல் குளிசை வயிற்றோட்டத்துக்கு என்று தோட்டங்களிலும் நன்கு அறியப்பட்டது. மருந்துக் கடைகளில் கிடைப்பது. "கிருமியைக் கொன்றால் புற்றும் போகும்" என்று எண்ணி அதனை வாங்கி விழுங்குவது ஆபத்தானது. அந்தப் பலன் காணப்பட்டது எலிகளில். மனிதருக்கு இதனைப் புற்றுநோய்ச் சிகிச்சையாகக் கொடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. கிருமிகொல்லி மருந்து தீய கிருமியை மட்டும் தெரிந்தெடுத்துக் கொல்வதில்லை. குடலின் நல்ல கிருமிகளையும் அழிக்கிறது. நீண்டகாலம் இம்மருந்துகளைப் பாவித்த பெண்களிடம் பெருங்குடற் சதைவளர்ச்சிகள் கூடுதலாகக் காணப்பட்டன என்று அமெரிக்கத் தாதியரிடையே நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்று காட்டியுள்ளது. தேவையின்றி உண்ணப்படும் மருந்துக்குக் கிருமிகள் பழகிவிட்டால், உண்மையில் தேவைப்படும் நாளில் அம்மருந்து வேலை செய்யாது.

சிகிச்சைக் காலத்துக் காய்ச்சல்: ஒரு மணித்தியாலமும் தாமதிக்க வேண்டாம்

இதுவரை சொன்னது நோயைத் தூண்டும் கிருமிகள் பற்றி. புற்றுநோயாளரின் உயிருக்கு உடனடி ஆபத்தைக் கொண்டுவரும் தொற்று வேறொன்று. இப்பகுதியை வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

பெருங்குடற் புற்றுக்குச் சத்திரசிகிச்சை செய்த பின்னர் பலருக்கு மருந்தேற்றும் சிகிச்சையும் தேவைப்படுகிறது. அம்மருந்து வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்கும். புற்றுக் கலங்களோடு எலும்பு மச்சையில் உண்டாகும் வெண்குருதிக் கலங்களும் குறைந்துவிடும். இவைதாம் உடலின் காவற்காரர்கள். மருந்து ஏற்றி ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் இவற்றின் எண்ணிக்கை மிகவும் தாழ்ந்துபோகலாம். அவ்வேளையில் நலமுள்ளவருக்கு ஒன்றுமே செய்யாத கிருமிகூட இரத்தத்தில் பரவி, சில மணித்தியாலங்களில் நோயாளியை மரணத்தின் வாசலுக்குக் கொண்டுசெல்லலாம்.

இங்குதான் தோட்டத்தின் தூரம் எதிரியாகிறது. நோயாளி கண்டியில் மருந்து ஏற்றிக்கொண்டு, மாத்தளை வந்து, இன்னொரு பஸ் ஏறி, சந்தியில் இறங்கி, மலைப்பாதையில் நடந்து வீடு சேர்கிறார். ஒரு வாரத்தின் பின் இரவில் காய்ச்சல் காய்கிறது. வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பனடோல் கொடுத்து, கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, "விடிந்ததும் பார்ப்போம்" என்கிறார்கள். பனடோல் காய்ச்சலைத் தணித்துவிடும். தொற்று உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். விடியும்போது நேரம் கடந்திருக்கலாம்.

காய்ச்சல் எமது மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2008இல் நாடெங்கும் எலிக்காய்ச்சல் பரவியபோது மாத்தளை மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. டெங்குக் காய்ச்சலையும் நாம் அறிவோம். அதனால்தான் எந்தக் காய்ச்சலையும் "இரண்டு நாள் பார்ப்போம்" என்று விடும் பழக்கம் ஆபத்தானது என்று சுகாதார உத்தியோகத்தர்கள் சொல்லி வருகிறார்கள். மருந்து ஏற்றிய புற்றுநோயாளருக்கோ இரண்டு மணித்தியாலம்கூடப் பார்த்திருக்க முடியாது. அவருக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைட் அளவைத் தொட்டால், அல்லது காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம் கண்டால், உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அதற்கு முன்கூட்டியே செய்துவைக்கக்கூடியவை சில உண்டு:

1. வீட்டில் ஒரு உடல்வெப்பமானி இருக்க வேண்டும். நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது போதாது.

2. கிளினிக் புத்தகமும் மருந்து ஏற்றிய திகதி எழுதிய துண்டும் ஒரே உறையில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

3. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமில்லாத அம்புலன்ஸ் சேவை கிடைக்கும். வாகனம் லயம் வரை வர முடியாவிட்டால் நோயாளியை எந்த இடத்துக்குக் கொண்டுவருவது என்பதை முன்பே பேசி வையுங்கள்.

4. வைத்தியசாலையில் நுழைந்தவுடன் சொல்ல வேண்டிய முதல் வசனம்: "இவர் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியவர், காய்ச்சல் வந்திருக்கிறது." சாதாரண வெளிநோயாளர் வரிசையில் நின்று காத்திருக்க வேண்டியவர் அல்ல அவர்.

5. கொதித்தாறிய நீரையே குடிக்கக் கொடுங்கள். சமைத்த உணவைச் சூட்டோடு கொடுங்கள். நோயாளியைப் பராமரிப்பவர் சவர்க்காரம் இட்டுக் கைகழுவ வேண்டும். தடிமன், இருமல் உள்ளவர் சில நாட்கள் அருகில் போகாதிருப்பது நல்லது. இது நோயாளியைக் காப்பதற்கான ஒதுக்கம். அவரைக் கண்டு அஞ்சுவதற்கான ஒதுக்கம் அல்ல.

சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் தொற்றைக் குறித்து விழிப்பாயிருக்க வேண்டும். பெருங்குடல் கிருமிகள் நிறைந்த உறுப்பு. ஆகவே அங்கு செய்யப்படும் சத்திரசிகிச்சையில் காயம் சீழ்ப்பிடிக்கும் வாய்ப்பு மற்ற இடங்களை விட அதிகம். காயம் சிவந்து சுடுதல், நீர் அல்லது சீழ் வடிதல், தையல் பிரிதல், வயிறு வீங்கி வலித்தல் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. சிலருக்கு மலம் வெளியேற வயிற்றில் துவாரம் செய்து பை பொருத்துவார்கள். பலருக்கு இது தற்காலிக ஏற்பாடே. பையை மாற்றவும் தோலைப் புண்ணாகாமல் வைத்திருக்கவும் விடுதித் தாதியர் கற்றுக் கொடுப்பார்கள். நோயாளியோடு வீட்டிலுள்ள இன்னொருவரும் கூட நின்று கற்றுக்கொள்வது நல்லது.

இரத்தச் சோகைக்குள் மறைந்திருக்கும் நோய்

எமது தோட்டப் பெண்களிடம் இரத்தச் சோகை மிகப் பரவலானது. மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவங்கள், போதிய ஊட்டமில்லாத உணவு, கொக்கிப்புழு என்று காரணங்கள் பல. இந்தப் பழகிப்போன சோகைக்குள் பெருங்குடற் புற்று எளிதில் மறைந்துகொள்ளும். குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருந்தால் இரத்தம் கண்ணுக்குத் தெரியாமலே மலத்தோடு கலந்து போய்க்கொண்டிருக்கும். வெளியில் தெரிவது களைப்பும் மூச்சிரைப்பும் மட்டுமே.

ஐம்பத்திரண்டு வயதான ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். மாதவிடாய் நின்று மூன்று வருடம். மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது. கொழுந்து நிறை குறைகிறது. பரிசோதித்தால் இரத்தம் குறைவு. இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கப்படுகிறது. அக்குளிசை மலத்தைக் கறுப்பாக்கும். அதனால் இரத்தம் கலந்து கறுத்தாலும் வேறுபாடு தெரியாது. குளிசையால் சற்றுத் தேறி, நிறுத்தியதும் மீண்டும் சோர்கிறார். இப்படி ஓராண்டு ஓடிவிடலாம். மாதவிடாய் நின்ற பெண்ணிடமோ, எந்த வயது ஆணிடமோ இரும்புச்சத்துக் குறைவான சோகை காணப்பட்டால், இரத்தம் எங்கே போகிறது என்று குடலைப் பரிசோதிப்பது மருத்துவ நியதி. "எனக்குக் குடலையும் பார்க்க வேண்டுமா, டொக்டர்?" என்று கேட்பதில் தவறில்லை.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும் வைத்தியரைக் காண வேண்டும்: மலத்தோடு இரத்தம் அல்லது சளி போதல், வழமைக்கு மாறாக மலச்சிக்கலோ வயிற்றோட்டமோ மாறிமாறி வருதல், மலம் கழித்த பின்னும் முழுமையாகப் போகாதது போன்ற உணர்வு, காரணமின்றி உடல் மெலிதல், விளங்காத சோகையும் களைப்பும், வயிற்றில் தட்டுப்படும் கட்டி. பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ ஒருவருக்கு இந்நோய் இருந்திருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் அதனைச் சொல்லி ஆலோசனை பெற வேண்டும். நேர்குடலில் விரலிட்டுப் பார்ப்பது ஒரு நிமிடத்துப் பரிசோதனை. அதற்கு வெட்கப்பட்டு உயிரை இழக்கலாகாது.

நாம் செய்யக்கூடியவை

ஆய்வுகூடங்களில் நடப்பவை நாளை புதிய மருந்துகளைத் தரலாம். அதுவரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை எம்மிடம் உண்டு. மாத்தளையின் வளமான மண்ணில் கீரையும் பலாக்காயும் அவரையும் வாழைப்பூவும் தாராளமாக விளைகின்றன. வெறும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் என்றிருக்கும் வேளையுணவோடு ஒரு கீரையையும் பருப்பையும் சேர்ப்பது பெரும் செலவல்ல. நார்ச்சத்து பெருங்குடலுக்குப் பாதுகாப்பு என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. சாராயமும் பீடி சிகரெட்டும் இந்நோயின் ஆபத்தைக் கூட்டுகின்றன. வெற்றிலை பாக்கோடு புகையிலை மெல்லும் பழக்கம் வாய்ப்புற்றுக்கு நேரடிக் காரணம், முரசையும் கெடுக்கிறது. இரவில் படுக்கைக்குப் போகும் முன் பல் துலக்குவதால் பெருங்குடற் புற்றைத் தடுக்க முடியும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் வாயின் கிருமி குடல் வரை போகிறது என்று தெரிந்த பின், வாயைச் சுத்தமாக வைத்திருக்க இன்னுமொரு காரணம் கிடைத்திருக்கிறது.

தனியொரு குடும்பத்தால் முடியாதவற்றைச் சங்கமாகச் செய்யலாம். தோட்டத்து மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில் குடும்பநல உத்தியோகத்தரை அழைத்து இந்நோய் பற்றிப் பேசச் செய்யலாம். முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களை சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூட்டமாக அழைத்துச் செல்லும்போது, இரத்தச் சோகை பற்றியும் மலத்தில் இரத்தம் பற்றியும் கேட்கும்படி நினைவூட்டலாம். கிளினிக் போகும் நாளில் பெயர் விழாது. அன்றைய சம்பளம் இல்லை. கூடச் செல்பவருக்கும் அதே இழப்பு. இதனாலேயே இடையில் சிகிச்சையைக் கைவிட்டவர்கள் உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும் பஸ் காசும் இழந்த சம்பளமும் இலவசமல்ல. சிறு சேமிப்புக் குழுக்கள் மாதம் ஒரு சிறு தொகையை இதற்கென்று ஒதுக்கினால், கண்டி செல்லும் ஒரு நோயாளியின் பயணம் தடைப்படாது. இளைஞர் மன்றத்தினர், மருந்து ஏற்றும் நோயாளி உள்ள வீடுகளை அறிந்து, இரவில் காய்ச்சல் வந்தால் பிரதான வீதி வரை கொண்டுசெல்ல ஒரு முச்சக்கர வண்டிக்காரரோடு முன்பே பேசி வைக்கலாம்.

பொஸ்டனிலும் சியாட்டிலிலும் நுணுக்குக்காட்டியில் கண்ட கிருமிக்கும் கம்மடுவை மலையில் வாழும் ஒரு தாய்க்கும் இடையில் தூரம் அதிகம்தான். ஆனால் வெட்கத்தை விட்டு நேரத்தோடு சொல்லும் ஒரு வார்த்தையும், நடு இரவில் வெப்பமானியைப் பார்த்துவிட்டு "இப்போதே போவோம்" என்று எழும் ஒரு மகனும் மகளும் அயலவரும் அந்தத் தாயின் உயிரைக் காக்க முடியும். இந்த இதழை வாசித்து முடித்ததும், வாசிக்கத் தெரியாத ஒருவருக்கேனும் இதனைச் சொல்லுங்கள்.